நடிகவேளும் ஒரு கைத்துப்பாக்கியும்

எம்.ஆர்.ராதான்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பெரும்பாலும் ஒரு வாட்ஸ்அப் ஸ்டிக்கர். இல்லன்னா 'ரத்தக்கண்ணீர்' படத்திலிருந்து வெட்டிப் போட்ட முப்பது செகண்ட் வீடியோ. ஒரே வசனத்துக்குள்ளே கீழே இறங்கி, மேலே ஏறி, நடுவில் கரகரத்து உடையும் அந்தக் குரல். ராதாரவி, ராதிகாவோட அப்பான்னு சிலருக்குத் தெரிஞ்சிருக்கும்.

உங்க தாத்தா, பாட்டிகிட்ட கேட்டுப் பாருங்க. அவங்க முதலில் சொல்வது வேறு ஒன்றாக இருக்கும். எம்.ஜி.ஆரைச் சுட்டவர் என்பார்கள்.

அமெரிக்காவில் எங்கேயாவது ஒரு ஸ்கூல்ல துப்பாக்கிச் சூடு நடந்தா, அன்னைக்கு நைட்டு நம்ம ஹாஸ்டல் மெஸ்ல ஒரு விவாதம் கிளம்பும். எல்லார் கையிலும் துப்பாக்கி இருந்தா எவனும் சுடத் துணிய மாட்டான்னு ஒரு கோஷ்டி. துப்பாக்கியே இல்லன்னா சுடவே முடியாதேன்னு இன்னொரு கோஷ்டி. ரெண்டு பக்கமும் உதாரணத்துக்கு டெக்சாஸ், கலிபோர்னியான்னு போவாங்க. அவ்வளவு தூரம் போக வேண்டாம். சென்னை நந்தம்பாக்கம் பக்கத்துல ராமாவரம் தோட்டத்துல, 1967-ல, ஒரு அறைக்குள்ளே இந்த விவாதம் முழுசும் நடந்து முடிஞ்சிருக்கு. அதுக்கு முன்னாடி அந்த மனுஷன் யாருன்னு பார்த்துடுவோம்.

கோபக்காரப் பையன்

ராதா பிறந்தது 1907-ல், சென்னை சிந்தாதிரிப்பேட்டையில். முழுப் பெயர் மெட்ராஸ் ராஜகோபாலன் ராதாகிருஷ்ணன். அப்பா ராணுவத்தில் இருந்தவர். முதல் உலகப் போர் அவரைத் தின்றுவிட்டது. பையனுக்குப் படிப்பு ஏறவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒரு மீன் துண்டுக்காக வந்த கோபத்தில் வீட்டை விட்டு ஓடிப்போனார் என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை. ஓடிப்போனவரைப் பிடித்துக்கொண்டது நாடகக் கம்பெனி.

அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனி என்றால் இன்றைய ரெசிடென்ஷியல் ஸ்கூலைவிடக் கடுமை. பாட்டு, வசனம், அடி, உதை, ஊர் ஊராகப் பயணம் எல்லாம் சேர்ந்ததுதான் பாடத்திட்டம். சிவாஜியும் எம்.ஜி.ஆரும்கூட அப்படித்தான் வளர்ந்தார்கள். ராதா மேடையில் சின்ன வேஷத்தில் தொடங்கி, வில்லனாகி, பிறகு வில்லனுக்காகவே ஜனங்கள் டிக்கெட் வாங்கும் நிலைக்கு வந்தார். 1937-ல் 'ராஜசேகரன்' படத்தில் சினிமாவுக்குள் நுழைந்தார். சில படங்களுக்குப் பிறகு மேடைக்கே திரும்பிவிட்டார்.

மேடையில் அவர் செய்ததைச் சினிமாவில் செய்யவும் முடியாது. எழுதி வைத்த வசனம் ஒரு பக்கம் இருக்கும். அன்றைக்குக் காலைப் பேப்பரில் வந்த செய்தி இன்னொரு பக்கம் அவர் வாயில் வந்து விழும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதரையும் விட மாட்டார். சாமி, சாதி, சடங்கு, அரசாங்கம், சினிமாக்காரர்கள், ஏன், தன் ரசிகர்களையே கிண்டலடிப்பார். கல் வீசினார்கள். கலாட்டா செய்தார்கள். அவர் நாடகத்தை நிறுத்தவில்லை.

பெரியாரின் பக்கம் வந்த பிறகு இந்த நாக்குக்கு ஒரு திசை கிடைத்தது. பட்டுக்கோட்டை அழகிரி கொடுத்ததாகச் சொல்லப்படும் நடிகவேள் என்ற பட்டம் பெயரோடு ஒட்டிக்கொண்டது. திருவாரூர் தங்கராசு எழுதிய 'ரத்தக்கண்ணீர்' நாடகம் ஊர் ஊராக ஓடியது. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த பணக்காரன், அம்மாவை மதிக்காதவன், கடைசியில் தொழுநோயால் தெருவுக்கு வருகிறான். கிருஷ்ணன் - பஞ்சு இயக்கத்தில் 1954-ல் அது படமாக வந்தது. எழுபது வருஷம் தாண்டியும் உங்க போனில் ஸ்டிக்கராக ஓடிக்கொண்டிருப்பது அந்த வேஷம்தான்.

நாடகத்துக்கு லைசென்ஸ்

இங்கே கொஞ்சம் நின்னு கவனிங்க. அதே 1954-ல் சென்னை மாகாண அரசு ஒரு நாடகச் சட்டம் கொண்டுவந்தது. ஆட்சேபத்துக்குரிய நாடகங்களைத் தடை செய்யலாம், நாடகப் பிரதியை முன்கூட்டியே கேட்டு வாங்கிப் பார்க்கலாம் என்று அதிகாரிகளுக்கு உரிமை கொடுத்தது. ராதாவின் ராமாயண நாடகத்தைச் சுற்றி நடந்த ரகளைதான் இதற்கு முக்கியக் காரணம் என்று அப்போதும் பேசினார்கள், இப்போதும் பேசுகிறார்கள். தடை வந்தால் ராதா நாடகத்தின் பெயரை மாற்றி மறுபடியும் போடுவார். கைது செய்தால் போய் உட்கார்ந்துவிட்டு வந்து மறுபடியும் போடுவார்.

அந்தச் சட்டம் எவ்வளவு நாள் உயிரோடு இருந்தது தெரியுமா? 2013-ல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியமான பிரிவுகளை ரத்து செய்தது. கிட்டத்தட்ட அறுபது வருஷம், தமிழ்நாட்டில் மேடையேறும் ஒரு நாடகத்தின் வரிகளைப் போலீஸ் படித்துப் பார்க்க வழி இருந்தது. ராதாவின் வசனத்துக்கு அரசாங்கம் அவ்வளவு பயந்தது. அவர் வைத்திருந்த கைத்துப்பாக்கி யாருடைய தூக்கத்தையும் கெடுத்ததாகத் தெரியவில்லை.

1950-களின் கடைசியில் அவர் சினிமாவுக்கு முழுசாகத் திரும்பினார். 'பாகப்பிரிவினை', 'பாவ மன்னிப்பு', 'பாலும் பழமும்' என்று வரிசையாகப் படங்கள். சிவாஜி படமோ எம்.ஜி.ஆர் படமோ, வில்லனோ காமெடியனோ, ராதா இருந்தால் தியேட்டரில் தனிச் சத்தம். எம்.ஜி.ஆருடன் மட்டும் ஏராளமான படங்கள். வயதில் பத்து வருஷம் மூத்தவர் என்பதால் எம்.ஜி.ஆருக்கு அவர் அண்ணன். இருவரும் கடைசியாகச் சேர்ந்து நடித்த படம் 'பெற்றால்தான் பிள்ளையா'. 1966 டிசம்பரில் வெளியானது. அதன் தயாரிப்பாளர் பெயர் வாசு. இந்தப் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க.

1967 ஜனவரி 12

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு. சட்டமன்றத் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தன. எம்.ஜி.ஆர் திமுகவின் பரங்கிமலை வேட்பாளர். ராதா காமராஜர் பக்கம், காரணம் பெரியார் அப்போது காமராஜர் பக்கம். ஒரே திராவிட இயக்கத்து மேடையிலிருந்து வந்த இருவர், எதிரெதிர் முகாமில். இதோடு சினிமாப் பணம் சம்பந்தமான பேச்சும் இருந்தது.

சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் ராதாவும் தயாரிப்பாளர் வாசுவும் ராமாவரம் தோட்டத்துக்குப் போனார்கள். வரவேற்பறையில் பேச்சு நடந்தது. சில நிமிஷங்களில் துப்பாக்கி வெடித்தது. எம்.ஜி.ஆருக்கு இடது காதின் அருகே குண்டு பாய்ந்தது. ராதாவின் உடலிலும் குண்டுக் காயங்கள். இருவரையும் ராயப்பேட்டை மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். பிறகு ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு. செய்தி பரவியதும் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள்.

அடுத்து நடந்ததில் பாதி உங்களுக்குத் தெரியும். கழுத்தில் கட்டோடு இருக்கும் எம்.ஜி.ஆர் போட்டோ தமிழ்நாடு முழுக்கப் போஸ்டராக ஒட்டப்பட்டது. பிரசாரத்துக்கே போகாமல் அவர் ஜெயித்தார். திமுக ஆட்சியைப் பிடித்தது. ஆனால் அவருடைய பழைய குரல் திரும்பவில்லை. அந்த வருஷம் வந்த 'காவல்காரன்' படத்தில் ரசிகர்கள் கேட்டது வேறு குரல். குரலை வைத்துப் பிழைக்கும் இரண்டு பேர் ஒரு அறையில் இருந்தார்கள். ஒருவருக்குக் குரல் போனது, இன்னொருவருக்கு மேடை போனது.

வழக்கு நடந்தது. எம்.ஜி.ஆரிடமும் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது என்பது வழக்கில் முக்கியமான விஷயம். ராதா பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்து சுட்டார், பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார் என்றது அரசுத் தரப்பு. முதலில் சுட்டது எம்.ஜி.ஆர்தான் என்றது ராதா தரப்பு. வாசு சாட்சி. எந்தக் குண்டு எந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

மெக்கானிக்கல் படிக்கிறவங்களுக்கு இது சுலபமாகப் புரியும். துப்பாக்கிக் குழலின் உள்ளே திருகுச் சுற்றாகப் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். குண்டு சுழன்றுகொண்டே நேராகப் போவதற்காக. அந்தப் பள்ளங்களும், அவற்றை வெட்டிய கருவியின் தேய்மானமும், குண்டின் மேல் நுண்ணிய கோடுகளைப் போட்டுவிடும். சந்தேகப்படும் துப்பாக்கியில் இன்னொரு குண்டைச் சுட்டு, இரண்டையும் ஒப்பீட்டு மைக்ராஸ்கோப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கோடுகள் பொருந்துகிறதா இல்லையா என்று தெரியும். அதாவது, துப்பாக்கி தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் போகும்.

1967 நவம்பரில் செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிமன்றம் ராதாவைக் குற்றவாளி என்று சொல்லி ஏழாண்டுக் கடுங்காவல் விதித்தது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. 1971-ல் வெளியே வந்தார்.

ரெண்டு கதை, ஒரே முடிவு

இப்போ நம்ம மெஸ் விவாதத்துக்கு வருவோம். நல்லவன் கையில் துப்பாக்கி இருந்தால் கெட்டவனைத் தடுப்பான் என்பதுதான் ஆயுதம் வேண்டும் என்கிறவர்களின் அடிப்படை வாதம். ராமாவரம் அறையில் அதைப் பொருத்திப் பாருங்க. நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட கதைப்படி, எம்.ஜி.ஆரிடம் துப்பாக்கி இருந்தும் அது அவரைக் காப்பாற்றவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவர் சுடுவார் என்று நினைப்பதற்கே நேரமில்லை. ராதா சொன்ன கதைப்படி, எம்.ஜி.ஆரிடம் துப்பாக்கி இருந்ததுதான் வினையின் ஆரம்பம். எந்தக் கதையை வேண்டுமானாலும் நம்புங்க. இரண்டிலும் துப்பாக்கி காவல் காக்கவில்லை.

ஒரே ஒரு சம்பவத்தை வைத்து விதி எழுத முடியாது என்று நீங்க சொன்னால், அது நியாயம். சாம்பிள் சைஸ் ஒன்று. அதனால் பெரிய எண்களையும் பார்ப்போம்.

ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஆய்வு அமைப்பு 2018-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அமெரிக்கப் பொதுமக்களிடம் சுமார் 39 கோடி துப்பாக்கிகள். 100 பேருக்கு 120. இந்தியாவில் 100 பேருக்கு ஐந்து சொச்சம். அதிலும் பெரும்பகுதி பதிவில்லாதவை. அங்கே 1791-ல் வந்த இரண்டாவது திருத்தம் ஆயுதம் வைத்திருப்பதை உரிமை ஆக்கியது. இங்கே 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அது அரசு தரும் அனுமதி. 2019-ல் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்தார்கள்.

அந்த அனுமதி எங்கே கிடைக்கும் தெரியுமா? வேலூர் ரோட்டில் நீங்க பஸ்ல தினமும் கடக்கிற நம்ம வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ்ல. மாவட்ட நீதிபரிபாலன அதிகாரி என்ற முறையில் கலெக்டர்தான் லைசென்ஸ் கொடுப்பவர். போலீஸ் விசாரித்து அறிக்கை தரணும். எதுக்கு வேணும்னு காரணம் சொல்லணும். தேர்தல் வந்தால் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கணும். இன்னொரு பக்கம், நம்ம மாவட்டத்து ஜவ்வாது மலையில் லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளைத் தாமாக ஒப்படைக்கச் சொல்லிப் போலீஸ் கூட்டம் போடுவதும் பேப்பரில் வரும் செய்திதான். காட்டுப்பன்றி பயிரைத் தின்னும் ஊரில் அது வெறும் குற்றமாக மட்டும் தெரியாது என்பதையும் சேர்த்து யோசிக்கணும்.

எதிர்ப் பக்கத்துக்கு வலுவான ஒரு வாதம் நம்ம வரலாற்றிலேயே இருக்கு. 1878-ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு லைசென்ஸ் கேட்டது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு கொடுத்தது. ஆயுதம் இல்லாத ஜனங்களை ஆள்வது சுலபம் என்ற கணக்கு. அதனால்தான் 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் ஒன்றாக இருந்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி.காமத் அதை அடிப்படை உரிமையாகச் சேர்க்கச் சொன்னார். அம்பேத்கர் ஏற்கவில்லை. சபையும் ஏற்கவில்லை. சொந்த அரசு வந்த பிறகு கேள்வி மாறிவிட்டது: துப்பாக்கி இப்போது யாரை நோக்கித் திரும்பும்? பக்கத்து வீட்டை நோக்கியா, பக்கத்து சாதியை நோக்கியா, தன்னை நோக்கியா?

கட்டுப்பாடு இருந்தால் கொலையே நடக்காது என்று யாரும் சொல்ல முடியாது. நம்ம ஊரில் அரிவாள் போதும். ஆனால் அரிவாளோடு வந்தவனை நாலு பேர் சேர்ந்து மடக்கலாம், கதவைச் சாத்தலாம், ஓடலாம். 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக்கில் ஒரு மாணவன் இரண்டு கைத்துப்பாக்கிகளோடு இன்ஜினியரிங் வகுப்புகள் நடந்த நோரிஸ் ஹால் கட்டடத்துக்குள் போனான். சுமார் பத்தே நிமிஷத்தில் முப்பது பேர் செத்தார்கள். காலையில் விடுதியில் இருவர். ஆக 32 பேர். அதில் ஒருவர் ஜி.வி.லோகநாதன். கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து போய் சிவில் இன்ஜினியரிங் பேராசிரியரானவர். நீரியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்த வகுப்பறையிலேயே கொல்லப்பட்டார். இந்தியாவிலிருந்து போன ஒரு மாணவியும் அதே வகுப்பில். சுட்டவனுக்கு மனநலச் சிக்கல் இருந்தது, அவனால் அவனுக்கே ஆபத்து என்று 2005-லேயே ஒரு நீதிமன்றம் பதிவு செய்திருந்தது. அந்தத் தகவல் துப்பாக்கிக் கடைக்காரர் பார்க்கும் டேட்டாபேஸில் ஏறவில்லை. அவன் கடையில் முறைப்படி பணம் கொடுத்துத்தான் வாங்கினான். சட்டம் இருந்தது, இரண்டு சிஸ்டம் ஒன்றோடொன்று பேசவில்லை. நம்ம ஆளுங்க சாப்ட்வேர்ல வேலைக்குப் போனா இப்படிப்பட்ட டேட்டாபேஸ்களைத்தான் எழுதப் போறோம்.

ஆஸ்திரேலியாவில் 1996-ல் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அந்த நாடு பன்னிரண்டே நாளில் சட்டத்தை இறுக்க முடிவெடுத்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை அரசே காசு கொடுத்து வாங்கி உடைத்தது. அங்கே துப்பாக்கி பிடிக்காத ஜனங்களா என்ன? விவசாயிகள் நிறைந்த நாடுதான். ஆனாலும் செய்தார்கள்.

மீதி பன்னிரண்டு வருஷம்

நான் ராதாவிடம் திரும்பி வருவதற்கு ஒரு காரணம் உண்டு. நீதிமன்றத் தீர்ப்புப்படி அவர் இரண்டு பேரைச் சுட்டார். அதில் ஒருவர் அவரே. அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை என்பது மெஸ் விவாதத்தில் யாரும் சொல்லாத கணக்கு. மனசு உடைஞ்ச ஒரு ராத்திரி பெரும்பாலும் விடிஞ்சா கொஞ்சம் மாறும். கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் அந்த விடியல் வரை பொறுக்காது.

ராதா பிழைத்தார். அதனால்தான் அவர் கதைக்கு இன்னும் பன்னிரண்டு வருஷம் மிச்சம் இருந்தது. எழுத்தாளர் விந்தன் அவரிடம் பேசிப் பேசி அவர் வாழ்க்கையை எழுத்தாக்கினார். விடுதலையான ராதா மறுபடி நாடகம் போட்டார், சில படங்களில் நடித்தார். எமர்ஜென்சியில் மிசா சட்டத்தில் மறுபடியும் சிறைக்குப் போனார். இந்த முறை துப்பாக்கிக்காக இல்லை, பழையபடி கொள்கைக்காக. எம்.ஜி.ஆர் 1977-ல் முதலமைச்சரானார், அதே உடைந்த குரலோடு. ராதா திருச்சியில் 1979 செப்டம்பர் 17 அன்று இறந்தார். அது பெரியார் பிறந்த நாள்.

சுமார் ஐம்பது வருஷம் மேடையில் நின்றவர். எத்தனையோ பேரைக் கோபப்படுத்தியவர். கல்லடி பட்டவர், கைதானவர். அந்த ஐம்பது வருஷமும் அவர் கோபத்துக்கு வாய்தான் வடிகால். ஒருவரையும் அது கொல்லவில்லை. கேட்டவர்கள் சிரித்தார்கள், சிலர் திருந்தினார்கள், சிலர் திட்டிவிட்டு மறுநாள் மறுபடியும் டிக்கெட் எடுத்தார்கள். கோபம் வாயை விட்டு விரலுக்கு இறங்கிய அந்தச் சில விநாடிகளுக்காக, ஊர் இன்னும் அவரை எம்.ஜி.ஆரைச் சுட்டவர் என்றே சொல்கிறது.

அடுத்த தடவை மெஸ்ல அந்த விவாதம் கிளம்பினா, டெக்சாஸோட இந்தக் கதையையும் எடுத்துப் போடுங்க. அப்புறம் ரூமுக்கு வந்து 'ரத்தக்கண்ணீர்' முழுப் படத்தையும் பாருங்க, ஸ்டிக்கரை மட்டும் இல்லாம. ரெண்டரை மணி நேரத்துக்கு மேல ஓடும். அந்தக் குரல் என்னவெல்லாம் செய்யும்னு அப்போதான் தெரியும்.